குருபக்தியும் குழந்தைக் காப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகள் சமயப் பற்றுக்குப் பெயர்பெற்றவை. நயினாதீவிலே நாகபூசணி அம்பாள் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் அண்மையில் நிற்கின்றன. ஊர்காவற்றுறையிலே போர்த்துக்கேயர் காலந்தொட்டு வேரூன்றிய கத்தோலிக்கத் திருச்சபையின் ஆலயங்கள் பல உள. நெடுந்தீவு, புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய யாவற்றிலும் வழிபாட்டிடத்தைச் சூழ்ந்தே ஊர்வாழ்வு அமைந்துள்ளது. இங்கே பிறக்கும் பிள்ளைக்கு ஏடு தொடக்குபவர் குருக்கள். அன்றேல் ஞானஸ்நானம் அளிப்பவர் குருவானவர். அறநெறிப் பாடசாலையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் தம் பிள்ளையை விட்டுத் திரும்பும் தாய், அங்கே அதற்கு ஓர் ஊறு நேரும் என ஒருபோதும் எண்ணுவதில்லை.

இந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்க்குமிடத்தோ அதனால் விளையும் கேடு ஏனைய கேடுகளினும் கொடியதாகின்றது. அயலான் ஒருவனாற் துன்புற்ற குழந்தை தாயிடம் ஓடலாம், தெய்வத்திடம் அழலாம். தெய்வத்தின் சார்பில் நிற்பவராகத் தான் கருதிய ஒருவராலேயே துன்புற்ற குழந்தைக்கு அவ்விரு வழிகளும் அடைபடுகின்றன. தாய் நம்பாள் என அஞ்சுகின்றது. தெய்வம் தன்னையே தண்டித்ததோ என மயங்குகின்றது. ஆதலின், மதகுருமாராற் சிறுவர் துன்புறுத்தப்படுதற்குக் காரணங்கள் யாவை, அவை வெளிப்பட்டபோது சமய நிறுவனங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பவற்றை ஆராய்தல் சமயப் பற்றுடையோர்க்கே முதற் கடமையாகும்.

இக்கேடு ஒரு சமயத்துக்கு உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கத்தோலிக்க ஆயர்களின் வேண்டுகோளின்படி ஜோன் ஜே கல்லூரியார் நடத்திய ஆய்வு 2004 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1950 முதல் 2002 வரையில் 4,392 குருமார்மீது குற்றச்சாட்டு எழுந்ததென்றும், முறையிட்டோர் தொகை 10,667 என்றும் அது கணக்கிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் அக்காலத்துப் பணியாற்றிய குருமாருள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வராவர். அயர்லாந்திலே 2009 ஆம் ஆண்டும், பிரான்சிலே 2021 ஆம் ஆண்டும் வெளியான அறிக்கைகள் இத்தகைய செய்திகளையே கூறின. 2012 ஆம் ஆண்டு இலண்டனில் இலங்கைப் பௌத்த பிக்கு ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்கு இழைத்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். அவுஸ்திரேலியாவிலே 2013 முதல் 2017 வரை இயங்கிய அரச ஆணைக்குழு, மங்குரோவ் மலையிலிருந்த சத்தியானந்த யோக ஆச்சிரமத்திற் சிறுவர்க்கு நேர்ந்தவற்றையும் 2014 ஆம் ஆண்டு பகிரங்கமாய் விசாரித்தது. கிருஷ்ண பக்தி இயக்கமாகிய இஸ்கொன் தன் குருகுலங்களில் நிகழ்ந்த கொடுமைகளை 1998 ஆம் ஆண்டு தன் சஞ்சிகையிலேயே வெளியிட்டு, சிறுவர் பாதுகாப்புக்கெனத் தனி அலுவலகம் ஒன்றையும் நிறுவியது.

எனவே இதனைப் பிற சமயத்தாரின் குறையென ஒதுக்கிவிடுதல் சைவர்க்குப் பொருந்தாது. ஈழத்துச் சைவர்க்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு அவர்தம் சூழலிலேயே தோன்றியது.

மாத்தளையிற் பிறந்த பிரேமானந்தா என்பார் கையில் விபூதி வரவழைப்பவர் என்றும், சிவராத்திரியன்று வாயினின்றும் இலிங்கம் எடுப்பவர் என்றும் பெயர்பெற்று அங்கே ஓர் ஆச்சிரமத்தை நடத்திவந்தார். 1983 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின், தம்மைச் சார்ந்த ஆதரவற்ற பிள்ளைகளையும் உடனழைத்துக்கொண்டு 1984 ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குச் சென்றார். திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட விராலிமலைப் பக்கத்திலே பாத்திமா நகர் என்னுமிடத்தில் ஆச்சிரமம் எழுந்தது. அதனுள்ளே பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் வழங்கப்பட்டன. போரிலும் கலவரத்திலும் உற்றாரை இழந்த ஈழத்துச் சிறுமியர்க்கு அது புகலிடமெனவே யாவரும் கருதினர். அயல்நாடுகளிலிருந்து அடியார் பலர் வந்து சென்றனர், பொருளும் குவிந்தது.

அம்மதிலினுள் நிகழ்ந்தவை 1994 ஆம் ஆண்டு வெளிப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் அவர் கைதுசெய்யப்பட்டார். இந்தியாவின் பெயர்பெற்ற வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி அவர்க்காக வாதிட்டார். எதிர்ப்பக்கத்திலோ நாடற்று, உறவற்று நின்ற பெண்பிள்ளைகள் சாட்சி கூறினர். கருவுற்ற ஒருத்தியின் கருவிலிருந்து பெற்ற மரபணுச் சான்று ஐதராபாத்தில் ஆராயப்பட்டு அவர்களின் சொல்லுக்குத் துணைநின்றது. 13 பெண்களை வன்புணர்ந்த குற்றமும், ஆச்சிரமத்திலிருந்த பொறியியலாளர் ஒருவரைக் கொலைசெய்த குற்றமும் மெய்ப்பிக்கப்பட, 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அவர்க்கு இரட்டை ஆயுட்டண்டனையும் பெருந்தொகை அபராதமும் விதித்தது. பாதிக்கப்பட்டோருட் பலர் பராயமடையாச் சிறுமியர். உடந்தையாயிருந்த ஆச்சிரமத்தவர் சிலரும் தண்டிக்கப்பட்டனர். 2005 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிப்படுத்தியது. 2011 பெப்ரவரியில், தண்டனைக் கைதியாயிருக்கும் நிலையிலேயே அவர் இறந்தார். ஆயினும் அவரைக் குற்றமற்றவர் எனப் போற்றுவோர் அதன்பின்னும் பல நாடுகளில் உளர். அவர் பெயரிலான ஆச்சிரமமும் நிலைத்துள்ளது.

இவ்வழக்கை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று நிலைமைகள் ஒருங்குகூடியமை புலனாகும். பிள்ளைகளுக்கு வெளியே உறவினர் இல்லை. குருவின் சொல்லை வினவுதல் பாவமென உள்ளிருப்போர் யாவரும் நம்பினர். ஆச்சிரமத்தின் நடைமுறையைப் பார்வையிட்டுக் கேள்வி கேட்கும் உரிமையுடைய புறத்தார் எவரும் இருந்திலர். உணவு தருபவரும், கல்வி தருபவரும், முத்தி தருபவரும் ஒருவரே எனின், அவர்மீது முறையிடப் பிள்ளை யாரிடம் செல்லும்? மங்குரோவ் மலையிலும் பிள்ளைகள் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டே வாழ்ந்தனர். அயர்லாந்தின் விடுதிப் பள்ளிகளிலும் ஏழைச் சிறாரும் அநாதைச் சிறாருமே பெரிதும் துன்புற்றனர். இடமும் சமயமும் வேறுபடினும் அம்மூன்று நிலைமைகளும் யாண்டும் ஒன்றாகவே காணப்படுகின்றன.

துறவுநெறியே இக்கேட்டின் வேர் எனக் கூறுவாரும் உளர். இக்கூற்று ஆய்வுக்கு முழுமையாக நிற்பதன்று. குருமாரின் மணத்துறவு விதி நூற்றாண்டுகளாய் மாறாதிருக்க, அமெரிக்காவிற் குற்றங்கள் 1960 களிலும் 1970 களிலும் பெருகிப் பின்னர்க் குறைந்தன. மாறாத ஒன்று மாறுவதற்குத் தனிக் காரணமாகாது என்பதை ஜோன் ஜே கல்லூரியாரின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. மணம் புரிந்த போதகர் உள்ள சபைகளிலும் இக்குற்றம் நிகழ்ந்துள்ளது; சிறுவர்க்கு இழைக்கப்படும் இத்தகைய தீங்குகளிற் பெரும்பகுதி இல்லத்தார், உறவினர், அறிந்தோர் ஆகியோராலேயே நேர்கின்றது. எனினும், மணத்துறவு பிற இடர்நிலைகளோடு சேருமிடத்துக் கேட்டுக்கு இடமளிக்கக்கூடும் என அவுஸ்திரேலிய ஆணைக்குழு கருதியது. ஆகவே குற்றத்துக்கு வித்தாவது அதனைச் செய்வானின் உள்ளக்கோட்டம் எனினும், அவ்வித்து முளைத்துப் படர்தற்கு நிலமாவது கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரமே எனல் பொருந்தும்.

இவ்வதிகாரம் ஒரே நாளிற் குழந்தையைப் பற்றுவதில்லை. முதலில் விருப்பம் காட்டப்படுகின்றது. பிரசாதமும் பரிசும் தனியே கொடுக்கப்படுகின்றன. ஏனைய பிள்ளைகளினும் இப்பிள்ளையே தெரிந்தெடுக்கப்பட்டது என்னும் பெருமிதம் ஊட்டப்படுகின்றது. பெற்றோரும் தம் பிள்ளைக்குக் கிட்டிய பேறென மகிழ்கின்றனர். பின்னரே எல்லை மீறப்படுகின்றது. மீறப்பட்டபின் இரகசியம் காக்குமாறு அச்சுறுத்தலோ ஆணையோ பிறக்கின்றது. நிகழ்ந்ததற்குப் பெயர்கூட அறியாத பிள்ளை எவ்வாறு அதனை எடுத்துரைக்கும்? பள்ளிக்குச் செல்ல மறுத்தலும், கோயிலுக்கு அழைத்தால் அழுதலும், உறக்கத்தில் நடுங்குதலுமே பல வேளைகளில் அதன் முறைப்பாடாகின்றன. ஆண்பிள்ளைகளும் இவ்வாறே துன்புறுகின்றனர். நாணத்தால் அவர்களின் மௌனம் இன்னும் ஆழ்ந்ததாகின்றது.

குருவைச் சிவமெனவே கொள்ளுதல் சைவ மரபு. குருநிந்தை பெரும்பாவமென நூல்கள் கூறும். இம்மரபே குற்றத்துக்கு அரணாகின்றதோ என வினவலாம். மரபை முழுமையாக நோக்கின் அவ்வாறு கூறுதற்கில்லை. திருமூலர் சற்குருவின் நெறியை உரைத்ததோடு அமையாது அசற்குருவின் நெறியையும் தனியே பிரித்துக் கூறினார். வள்ளுவர் துறவறவியலுள்ளே கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரம் வகுத்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில் நிருவாகத்திலும் குருமாரின் ஒழுக்கத்திலும் தாம் கண்ட குறைகளை அஞ்சாது எழுதிக் கண்டித்தார். அவர் சைவத்துக்குப் பகைவர் என எவரும் கூறார். குருவெனப்படுவாரைச் சோதித்தலும் மரபின் ஒரு கூறே. அக்கூற்றை மறந்து வணக்கத்தை மட்டும் கைக்கொண்ட பிற்காலத்தாரே மரபைக் குறைத்தோர்.

இனி, நிறுவனங்கள் நடந்துகொண்ட வகையை நோக்குதல் தகும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைமாவட்டங்கள் பலவற்றில் முறைப்பாடு வந்தபோது குருவானவரை வேறொரு பங்குக்கு மாற்றுதல் வழக்கமாயிருந்தது. புதிய பங்கினர்க்கு உண்மை உரைக்கப்படவில்லை. அரசின் காவற்றுறைக்கும் அறிவிக்கப்படவில்லை. திருச்சபையின் பெயருக்கு இழுக்கு நேராது காத்தலே பெரிதெனப்பட்டது. 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று இவ்வழக்கத்தை வெளிப்படுத்தியபின், அமெரிக்க ஆயர்கள் அவ்வாண்டே சிறுவர் காப்புக்கான சாசனம் ஒன்றை வகுத்தனர். 2019 மேயில், குற்றத்தை மட்டுமன்றி அதனை மறைத்தலையும் திருச்சபை அதிகாரிகளுக்கு முறையிடும் கடமையைக் குருமார்க்கும் துறவியர்க்கும் பாப்பரசர் பிரான்சிஸ் விதித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் இவ்வழக்குகளை மூடியிருந்த பாப்பரச இரகசிய விதியையும் நீக்கினார். நெடுங்காலம் தாழ்த்தே இவை நிகழ்ந்தன. எனினும், முறையிடுவோர் தேடிச் செல்லத்தக்க ஓர் இடமும், பொறுப்புக் கூறவேண்டிய ஒரு தலைமையும் அங்கு இருந்தமையாலேயே இவை இயன்றன.

இந்துக்களின் நிலை இதனின் வேறானது. இந்து சமயத்துக்கு ஆயரில்லை, மறைமாவட்டமில்லை, குருமாரை நியமித்தும் நீக்கியும் ஆளும் பொதுச் சபையில்லை. ஈழத்துக் கோயில்களிற் பல குடும்ப உரிமையாகவோ பரிபாலன சபையின் பொறுப்பாகவோ நடைபெறுகின்றன. ஆச்சிரமமோ தன்னை நிறுவியவரையன்றி வேறொருவரை அறியாது. இதனால் ஒரு நன்மை உண்டு: குற்றவாளியை ஊர்விட்டு ஊர் மாற்றி மறைக்கும் பெரும் இயந்திரம் இங்கில்லை. தீமையோ அதனினும் பெரிது: முறைப்பாட்டைக் கேட்கவேண்டிய செவியும் இல்லை. கத்தோலிக்கர் தம் ஆயரை நோக்கி ‘நீர் அறிந்தும் ஏன் வாளாவிருந்தீர்?’ எனக் கேட்க முடிந்தது. பிரேமானந்தாவின் வழக்கிலே சைவர் அவ்வாறு கேட்டற்கு ஒருவரும் இலர். நீதி வழங்கியது சமய நிறுவனமன்று; தப்பிவந்து பேசிய பிள்ளைகளும், அவர்கட்காகக் குரல்கொடுத்த மாதர் அமைப்பினரும், நாட்டின் நீதிமன்றமுமே அதனைச் செய்தனர்.

இலங்கையின் சட்டம் இவ்விடயத்தில் ஒருவாறு திருந்தியுள்ளது. 1991 ஆம் ஆண்டு சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்றது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக் கோவையைத் திருத்தி, சிறுவர்க்கு இழைக்கும் கொடுமை, பாரதூரமான பாலியல் துர்ப்பிரயோகம் முதலியவற்றைத் தனிக் குற்றங்களாக்கியது. உடன்பாட்டு வயதையும் 12 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றியது. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் அதற்கு முறையிடலாம். 1999 ஆம் ஆண்டின் சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகச் சான்றாக்க வழிசெய்தது. குருக்கள், குருவானவர், பிக்கு என்னும் வேறுபாடு இச்சட்டங்களில் இல்லை. ஆனால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிக் கோவையோ கொலையும் இராசத்துரோகமும் ஒழிந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டுகளில் அற்றுப்போகும் என வரையறுத்தது. எட்டு வயதிற் துன்புற்றவர் நாற்பது வயதில் வாய்திறக்கும் துணிவு பெறுதல் உலகெங்கும் காணப்படும் இயல்பு. அவர்க்கு அவ்வரையறை கதவடைப்பதாகும்.

சட்டம் உளதாயினும் அதனிடம் குழந்தை சென்று சேர்தல் வேண்டும். தீவகத்தின் சிறப்பான இடர்ப்பாடு இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லல் வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்தே யாழ்ப்பாண நகரை அடையலாம். நீதவான் நீதிமன்றம் ஊர்காவற்றுறையிலே உளது. சட்ட வைத்திய நிபுணரை நாடின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். உடலிலுள்ள சான்று சில நாள்களிலேயே மறைந்துபோகும். கடல் கொந்தளிக்கும் காலத்திலோ படகு ஓடாது. கடலினும் அகன்றது ஊரின் நெருக்கம். ஆசிரியரும், கிராம அலுவலரும், கோயிற் சபையினரும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் மாமனும் ஒரே வீதியினராய் இருத்தல் சிறு தீவில் இயல்பு. துறையிற் படகேறும் தாயையும் பிள்ளையையும் கண்டோர், ஏன் செல்கின்றனர் என மாலைக்குள் அறிந்துவிடுவர். பெண்பிள்ளையின் எதிர்காலம் கெடும், ஊரின் மானம் போகும், திருவிழாக் காலத்தில் வேண்டாம் என்னும் அறிவுரைகள் படகு புறப்படுமுன்னரே அவளைச் சூழ்ந்துகொள்ளும்.

இதனோடு போரின் விளைவையும் சேர்த்து எண்ணல் வேண்டும். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல்கடந்தனர். பேரன் பேர்த்தியரை முதியோரே வளர்க்கும் இல்லங்கள் பல. கல்வியின் பொருட்டோ வறுமையின் பொருட்டோ பிள்ளைகள் பெருநிலத்து விடுதிகளிலும் சிறுவர் இல்லங்களிலும் விடப்படுகின்றனர். அவ்வில்லங்களிற் பல சமய அமைப்புகளால் நடத்தப்படுவன. அவை செய்யும் தொண்டு பெரிது. எனினும், பெற்றோர் அருகில்லாப் பிள்ளை, வணக்கத்துக்குரிய தலைவர், மூடிய வாயில் என்னும் மூன்றும் சேருமிடம் எதுவாயினும் அங்கே விழிப்பு இரட்டிப்பாதல் வேண்டும் என்பதே முன்கூறிய வழக்கின் படிப்பினை. 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டமும் அத்தகைய இல்லங்கள் பதிவுபெற்றுப் பார்வைக்குட்படல் வேண்டும் என்றே விதித்தது.

செய்யத்தக்கன அரியனவல்ல. கோயிற் சபையும் பங்குச் சபையும் விகாரைச் சபையும் பிள்ளைகளுக்கு வகுப்போ பயிற்சியோ நடத்துமிடத்து, எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருத்தலாகாது என விதித்தல் வேண்டும். தொண்டுக்கு வருவோரின் முன்னை ஒழுக்கத்தை அவர் முன்பு வாழ்ந்த ஊரில் உசாவி அறிதல் வேண்டும். முறைப்பாடு எழுந்தால் அதனை விசாரிக்கும் உரிமை சபைக்கு இல்லை. பிரதேச செயலகத்துச் சிறுவர் அலுவலரிடமோ பொலிசாரிடமோ அன்றே ஒப்படைத்தலே அதன் கடமை. விசாரணை முடியும்வரை குற்றஞ்சாட்டப்பட்டவர் பிள்ளைகளினின்றும் விலகியிருத்தல் வேண்டும். விடுதியிலுள்ள பிள்ளையோடு தனிமையிற் பேச வெளியார் ஒருவர் மாதந்தோறும் வருதல் வேண்டும். உடலின் எல்லை இது, அதனைத் தீண்ட எவர்க்கும் உரிமையில்லை, பெரியவர் ஆணையிட்டாலும் ‘மாட்டேன்’ எனக் கூறுதல் பாவமன்று என்பவற்றை அறநெறிப் பாடத்திலேயே கற்பித்தல் வேண்டும்.

பொய்க் குற்றச்சாட்டால் நல்ல குரு ஒருவர் அழிந்துபடாரோ என்னும் அச்சம் நேர்மையானதே. அதற்கு மருந்தும் புறத்தாரின் விசாரணையே. ஊருக்குள்ளே மூடி மறைக்கப்பட்ட பழி ஒருபோதும் தீர்வதில்லை. குற்றமற்றவர் தலைமேல் அது வாழ்நாள் முழுதும் நிழலாய்ப் படியும். முறையான விசாரணையில் மெய்ப்பிக்கப்படாத பழியோ அவ்விடத்தே ஓய்தற்கு வழியுண்டு. குருத்துவத்தின் மதிப்பைக் காக்க விரும்புவோர் கேள்வியை அஞ்சுதற்குக் காரணமில்லை.

வழிபாட்டிடத்தின் புனிதம் அதன் மதிலாலோ கோபுரத்தாலோ ஆவதன்று. அதனுள்ளே நுழையும் மிகச் சிறிய உயிர் அச்சமின்றி நுழைந்து அச்சமின்றி வெளிவருதலாலேயே அது புனிதமாகின்றது. பாத்திமா நகரத்து ஆச்சிரமத்தில் ஆயிரக்கணக்கானோர் வணங்கினர். பேசியவர்களோ போக்கிடமற்ற சில சிறுமியர். அச்சிறுமியரின் சொல்லே மெய்யென நீதிமன்றங்கள் முடிவில் ஏற்றன. நெடுந்தீவுத் துறையிலே படகுக்குக் காத்துநிற்கும் தாயொருத்தியை ‘ஏன் போகிறாய்?’ எனத் தடுக்காது, அவளுடன் கூடவே சென்று சாட்சி கூறும் ஒருவர் ஒவ்வொரு கோயிலிலும் இருப்பாராயின், சமயம் தன் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்ததாகும்.